பொட்டு ஒட்டிய குப்பி

இந்தக் கதையில் மாணவிக்கு வயது அதிகம், ஆசிரியைக்குக் குறைவு. மாணவி வடிவாம்பாள் பாலிடெக்னிக்கில் பல வருஷம் வேதியியல் நடத்திவிட்டு, பிள்ளைகள் ஓரளவு தலையெடுத்த பிறகு, நாமும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பி வந்தவள். ஆசிரியை கெசியா. வடிவை "அக்கா" என்று கூப்பிடுவார். வடிவு அவரை "மேடம்" என்பாள். பொதிகை மலை ஜன்னலில் தெரியும் அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை.

அங்கே நடந்தது கரி கழுவுகிற வேலை.

அடுப்புக் கரி இல்லை. ஒரு தலைமுடியைப் பல ஆயிரம் கூறாகப் பிளந்தால் ஒரு கூறு எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு மெல்லிசான கார்பன் குழாய்கள். நானோ குழாய் என்று பேர். கண்ணுக்கு என்னவோ புகைபோக்கியில் சுரண்டியது மாதிரிதான் தெரியும். இதை வளர்க்க விதை போல இரும்புத் துணுக்கு வேண்டும். வளர்ந்த பிறகு அந்த இரும்பு ஆகாது. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வெறும் புகைக்கரியும் ஆகாது. நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து, வடிகட்டி, அலசி, காய வைத்தால் இரண்டும் போகும். மிஞ்சிய குழாய்களை எபாக்ஸி பிசினில் கலந்து தகடாக வார்த்தால், தகடு கனம் ஏறாமல் வலு ஏறும்.

செயற்கைக் கால் செய்கிற பட்டறை ஒன்று, பாதத்துக்கு அடியில் வைக்க அப்படி ஒரு தகடு கேட்டிருந்தது. மிதித்தால் வளைய வேண்டும், விட்டால் நிமிர வேண்டும்.

கழுவுவது வடிவின் பொறுப்பு. தகடு வார்ப்பது பக்கத்து மேஜைச் சுடலைமணியின் பொறுப்பு.

சுடலைமணிக்கு வாய் ஓயாது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த ஆய்வுக்கூடத்தை விட்டால் அவனுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அவனே எல்லாரிடமும் சொல்லுவான்.

முதல் தடவை கழுவி முடித்ததும் வடிவு பொடியைத் தாளில் பரப்பி, அடியில் காந்தத்தைப் பிடித்து நகர்த்தினாள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம். பொடி லேசாக அசைந்தது.

"இரும்பு இன்னும் இருக்கு" என்றாள்.

"கொஞ்சம் இருக்கட்டும்க்கா" என்றான் சுடலைமணி. "நமக்கும் உடம்புல இரும்புச்சத்து வேணும்னுதான டாக்டர் சொல்லுதாரு. ஒரு சிட்டிகை கொடுங்க, ஒரு தகடு வார்த்துப் பாக்கேன்."

"அரைகுறையெல்லாம் கொடுக்க மாட்டேன் தம்பி."

அந்தக் குப்பியைக் கொட்டுவதற்கென்று கழுவுதொட்டிக்குக் கீழே தள்ளி வைத்தாள். புதிய பொடி எடுத்து மறுபடி கொதிக்க வைத்தாள். சாயங்காலம் இறக்கிவிடுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். வடிவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலைவரை விட்டாள்.

காய்ந்து வந்ததைத் தராசில் வைத்தால், பாதிதான் இருந்தது.

விற்ற கம்பெனிக்காரன் சீட்டில், ஐந்தில் ஒரு பங்கு அழுக்கு, மிச்சமெல்லாம் குழாய் என்று போட்டிருந்தான். அழுக்குப் போனால் ஐந்தில் நாலு பங்கு நிற்க வேண்டும். நிற்கவில்லை. வடிவு தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். வேறு தராசில் வைத்தாள். வடிதாளை உதறினாள். ஓவனுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

பாதிப் பொடி கைகால் முளைத்தா நடந்து போகும்?

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. சுடலைமணியின் மேஜையில் புதுசாக ஒரு கறுப்புத் தகடு.

"இது எதுல வார்த்த தம்பி?"

"மேடம் பொடி கொடுத்தாங்கக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் எப்போதும் சிரிக்கிறவன்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு வடிவுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. மேடத்திடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். மேடமும் இதில் கூட்டு என்றால்? இவனிடம்தான் அவருக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம். மதியம் இவன் டப்பாவில் கருவாடு இருந்தால் அவர் வந்து எடுத்துக்கொள்கிறாரே! வடிவு கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் வேறு மாதிரி ஆயிற்று. அவன் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் வந்தான் என்று நினைத்தாள். லேட்டாக வந்தால், ராத்திரி என்ன வேலை பார்த்தானோ என்று நினைத்தாள். அவன் கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டால், அவன் போனதும் எடுத்து விரல் நுனியில் கறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். கரி வேலை செய்கிறவன் கையுறையில் வெண்ணெயா இருக்கும்?

குப்பிக்குப் பூட்டுப் போட முடியாது. வடிவு ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒரு மெரூன் பொட்டை உரித்து, பாதி மூடியிலும் பாதி குப்பியிலும் படும்படி ஒட்டினாள். யாராவது திறந்தால் பொட்டு உரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பொட்டு உரியவே இல்லை. ஆனால் கழுவிக் காய்ந்து வரும்போது பொடி குறைந்துதான் வந்தது.

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு விளங்கிவிட்டது. போன வாரம் சுடலைமணியின் பெண்டாட்டி சாப்பாட்டுத் தூக்கு கொடுக்க வந்தாளே, நெற்றியில் என்ன பொட்டு? மெரூன். அதே கம்பெனி, அதே அளவு. திறந்து எடுத்துவிட்டுப் புதுப் பொட்டு ஒட்டுகிறார்கள். குடும்பமே சேர்ந்து செய்கிறது.

மறுநாளிலிருந்து பச்சைப் பொட்டு. அதற்கு அடுத்த நாள் பாம்புப் பொட்டு.

"அக்கா, குப்பிக்கு என்ன வளைகாப்பா?" என்றான் சுடலைமணி.

குற்றமுள்ள நெஞ்சுதான் முந்திக்கொண்டு கேலி பேசும் என்று வடிவு மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

குப்பியில் இல்லையென்றால் ஓவனில்தான் கை வைக்கிறான். ஓவனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சாப்பாடும் அங்கேயே. மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ஓவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இட்லியாக்கா வெந்துக்கிட்டிருக்கு?"

"ஒன் வேலையப் பாருடே."

"என் வேலையே நீங்க பொடி கொடுத்தாத்தானக்கா. பட்டறைக்காரரு நேத்தும் போன் போட்டாரு. ஒரு அம்மா கால் இல்லாம காத்துக்கிட்டிருக்காங்களாம், தகடு எப்ப வரும்னு கேக்காரு."

அவள் இருக்கிற இருப்பில் ஓர் ஈ உள்ளே போயிருக்க முடியாது. அப்படியும் குறைந்தது.

இப்போது சந்தேகம் இன்னொரு படி இறங்கியது. நல்ல குழாயை எடுத்துக்கொண்டு, கணக்குக்கு அடுப்புக்கரியைக் கலந்து வைத்திருந்தால்? காந்தத்தைப் பிடித்தாள். பொடி அசைந்தது. ஆ! கலப்படம். இத்தனை கொதிப்புக்குப் பிறகும் இரும்பு எங்கிருந்து வந்தது? மறுபடி அமிலத்தில் போட்டாள். இந்தத் தடவை இன்னும் வீரியமான அமிலம், இன்னும் அதிக நேரம். புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற புகைக்கூண்டுக்குள் குடுவையிலிருந்து பழுப்புப் புகை எழும்பி எழும்பி மேலே போனது. அவள் புகையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது கைப்பிடிகூட இல்லை. அதிலும் காந்தத்துக்குக் கொஞ்சம் அசைவு இருந்தது. மறுபடி போட்டாள்.

கடைசியில் குப்பியின் அடியை மூடுகிற அளவு மிஞ்சியபோது, அதைத் தூக்கிக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், இங்க திருட்டு நடக்குது."

கெசியா மேடம் நிமிர்ந்து பார்த்தார். குப்பியில் ஒட்டியிருந்த பாம்புப் பொட்டையும் பார்த்தார்.

"யாருக்கா?"

"சுடலைமணி. ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சாப்பாட்டுக்கு அப்புறம் பிரின்ஸ்பாலைப் பாக்கப் போறேன். அதுவரைக்கும் அவன்கிட்ட லேப் சாவி இருக்கக் கூடாது."

மேடம் சுடலைமணியைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார்.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தான். சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன யானை பொம்மையைக்கூடக் கழற்றாமல் வைத்துவிட்டு, வெளியே பைக் நிறுத்துகிற கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது.

"சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் மேடம். "வாங்க, ஒரு துணி துவைப்போம்."

"துணியா?"

"கரிதான்."

வடிவின் குப்பியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் போட்டுக் குலுக்கி, வடிதாளில் ஊற்றினார். கீழே கண்ணாடிக் குவளையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கடுங்காப்பி நிறம்.

வடிவு குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! நான் சொன்னேம்லா! நல்ல குழாய்னா தண்ணி இப்படி வருமா? எதையோ கலந்திருக்கான் மேடம். இதைவிடச் சாட்சி வேணுமா?"

மேடம் அலமாரியைத் திறந்து இன்னொரு குப்பியை எடுத்தார். வடிவுக்கு அடையாளம் தெரிந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே தள்ளி வைத்த முதல் குப்பி. அதுவும் பாதிதான் இருந்தது.

"இது எப்படி இங்க வந்தது?"

"கொட்டுறதுக்கு வச்சிருந்தீங்க. நான் எடுத்தேன். பாதியை அவனுக்குக் கொடுத்தேன்."

மேடம் பொடி கொடுத்தாங்கக்கா. அன்றைக்கு அவன் சொன்னது அப்படியே வடிவுக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பொடியையும் மேடம் அதே மாதிரிக் குலுக்கி வடித்தார். தண்ணீர் லேசான மஞ்சளாக இறங்கியது. வெயிலில் வைத்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி. மூன்றாவதாக, கம்பெனி டப்பாவிலிருந்து கழுவாத பொடி. தண்ணீர் தெளிவாகவே வந்தது.

மூன்று குவளையையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார்.

"மூணும் ஒரே டப்பாலேர்ந்து வந்ததுதான் அக்கா. என்ன வித்தியாசம்?"

"இது கொதிக்கவே இல்ல. இது ஒரு தடவை கொதிச்சது. இது..." வடிவுக்கு எத்தனை தடவை என்று சொல்ல வரவில்லை.

"புகைக்கூண்டுல பழுப்பாப் புகை போகுமே, பாத்தீங்களா?"

"அது அமிலத்தோட புகை மேடம்."

"அது எதையாவது தின்னாத்தான அப்படிப் புகையும்?"

"அழுக்கைத் தின்னும். நல்ல குழாயைத் தொடாது. நான் பாடமே நடத்தியிருக்கேன்."

"முதல்ல இரும்பைத் திங்கும். அப்புறம் புகைக்கரி. ரெண்டும் தீர்ந்த பிறகும் அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தா?"

வடிவு கடுங்காப்பி நிறக் குவளையைப் பார்த்தாள். அமிலம் தின்று நொறுக்கிய குழாய்தான் இப்படிக் கரைந்து வந்திருக்கிறது. இதற்கு முன்னால் வடித்து வடித்துக் கழிவுக் கேனில் ஊற்றிய தண்ணீரிலும் இதுதான் போயிருக்கும்; ஊற்றியது அவள் கைதான். கேனில் அவள் பேர்தான் எழுதியிருக்கிறது. ஓவனைக் காவல் காத்தவள் கேனைக் காவல் காக்கவில்லை.

"மிச்சம்?" என்றாள் மெதுவாக.

மேடம் புகைக்கூண்டின் மேல்குழாயைக் கண்ணால் காட்டினார். அது கூரையைத் தாண்டி ஆகாயத்தில் திறந்திருந்தது.

வடிவு சட்டென்று தாளை எடுத்தாள். தன் குப்பியில் மிஞ்சியிருந்ததைப் பரப்பினாள். காந்தத்தை அடியில் வைத்து நகர்த்தினாள். பொடி, அவ்வளவு கொதித்த பொடி, இன்னும் லேசாக அசைந்தது.

"அப்ப இது? இந்த இரும்பு எங்கேர்ந்து வந்துச்சு? இது போகலைன்னுதான நான் மறுபடி மறுபடி போட்டேன்!"

"அந்த இரும்பு எங்க இருக்கு அக்கா?"

"எங்கன்னா... பொடியில."

"பொடியில எங்க?"

வடிவு யோசித்தாள். இரும்பில்தான் குழாய் முளைக்கிறது. முளைக்கும்போது கொஞ்சம் இரும்பை உள்ளே வைத்து மூடிக்கொண்டே வளர்கிறது.

"குழாய்க்கு உள்ள."

"அதை எப்படி வெளிய எடுக்கிறது?"

"குழாயை உடைச்சாத்தான்."

மேடம் மேஜை இழுப்பறையிலிருந்து மூன்று கறுப்புத் துண்டுகளை எடுத்துப் போட்டார். விரல் நீளம், ஸ்கேல் கனம். சுடலைமணி வார்த்தவை.

"வளைச்சுப் பாருங்க."

முதல் துண்டு வளைந்தது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். விட்டபோது நிமிரவில்லை. நடுவில் கோடு விழுந்திருந்தது.

"இது கழுவாத பொடி. குழாயோட சுவர் வழுவழுன்னு இருக்கும், பிசினுக்குப் பிடி கிடைக்காது. உருவிக்கிட்டு வந்திரும்."

இரண்டாவதை வளைத்தாள். வளைந்தது. விட்டதும் டப்பென்று நிமிர்ந்து அவள் கையைத் தட்டியது. மறுபடி வளைத்தாள். மறுபடி நிமிர்ந்தது. இன்னும் பலமாக வளைத்தாள். கட்டைவிரல் வலித்தது, துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது நீங்க கொட்டச் சொன்னது. ஒரு கொதிப்புல சுவர்ல அங்கங்க சின்னச் சின்னக் காயம் விழுந்திருக்கு. பிசின் அதுலதான் கை கோக்குது."

"இதுல இரும்பு இருக்கே மேடம்."

"இருக்கு."

மூன்றாவது துண்டை வளைக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலால் அழுத்தியதும் அப்பளம் மாதிரி உடைந்தது.

"இது எந்தப் பொடி?"

"போன வாரம் நீங்க ரொம்பச் சுத்தம்னு சொல்லி என்கிட்ட ஒரு ஸ்பூன் கொடுத்தீங்களே."

உடைந்த துண்டை வடிவு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது. கையை எடுத்ததும் விழுந்தது. கால் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிற அந்த அம்மா இதை நம்பி மிதித்திருந்தால்?

வெளியே சாப்பாட்டு மணி அடித்தது. பையன்கள் கூச்சலோடு இறங்கி ஓடினார்கள். பைக் கொட்டகையில் அந்த முதுகு அப்படியே இருந்தது. பக்கத்தில் தூக்குச்சட்டி திறக்காமல் இருந்தது. வேறு நாளென்றால் இந்நேரம் ஆய்வுக்கூடம் முழுக்கக் கருவாட்டு வாசம் அடித்திருக்கும்.

வடிவு இரண்டாவது துண்டை இன்னொரு தரம் வளைத்தாள். நிமிர்ந்தது.

நியாயமெல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அமிலம் தின்றது, தண்ணீரில் போனது, புகையில் போனது. எல்லாம் சரி. ஆனால் இத்தனை நாள் மனசுக்குள் வைத்து ஊற வைத்த ஒன்று அவ்வளவு லேசில் கிளம்புமா? எவ்வளவு போனது என்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்? புகையைத் தராசில் வைக்க முடியுமா? அதில் ஒரு துளி இவன் கையிலும் போயிருக்கலாமே. ஒரே ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகை கொடுங்கன்னு கேட்டவன்தானே.

"மேடம், ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க அக்கா."

"நீங்க சொல்லுறதெல்லாம் சரி. அமிலம்தான் தின்னிருக்கு, ஒத்துக்கிடுதேன். இருந்தாலும்... அவன் ஒரு சிட்டிகைகூட எடுக்கலைன்னு நமக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்?"

கெசியா மேடம் காந்தத்தை எடுத்து வடிவின் கையில் வைத்தார். பிறகு மின் அடுப்பின் பக்கம் திரும்பி, அதன் குமிழைக் காட்டினார்.

"தெரிஞ்சுக்கலாம் அக்கா. இன்னும் ஒரு தடவை கொதிக்க வைக்கணும். ஆனா இந்தத் தடவை உள்ள போடப்போறது பொடி இல்ல."

வடிவு அடுப்பைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அந்த முதுகைப் பார்த்தாள்.

காந்தத்தைக் கீழே வைத்தாள். மேஜையில் கிடந்த சாவியை, யானை பொம்மையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு பைக் கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.